டோன்லே சாப் மீனவர்கள்: ஆற்றின் வெள்ளம் தவறும் காலத்தில் வாழ்வது குறித்த கேள்விகளும் பதில்களும்

கம்போடியாவின் அங்கோர் வாட்டைப் பார்க்கச் செல்லும் நம்மவர்களில் பலர், சியெம் ரீப் நகரிலிருந்து ஒரு மாலைப் பொழுதில் படகேறி, மிதக்கும் கிராமம் ஒன்றைப் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அந்தக் கிராமத்தார் எதை நம்பி அங்கே வாழ்கிறார்கள், இப்போது எது அவர்கள் காலடியிலிருந்து நழுவிக்கொண்டிருக்கிறது என்பவை அந்த ஒரு மணி நேரப் பயணத்தில் தெரிவதில்லை. அங்கே போய் வந்தவர்களும் போகவிருப்பவர்களும் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது.

டோன்லே சாப் என்பது ஆறா, ஏரியா?

இரண்டும்தான். கம்போடியாவின் நடுவிலுள்ள தாழ்நிலத்தில் பரந்து கிடக்கும் ஏரிக்கும், அதன் தென்கிழக்கு முனையிலிருந்து கிளம்பி ஏறத்தாழ 120 கிலோமீட்டர் ஓடித் தலைநகர் புனோம் பென்னில் மீகாங் ஆற்றைச் சேரும் ஆற்றுக்கும் ஒரே பெயர்தான் வழங்குகிறது. கோடையில் ஏரியின் பரப்பு சுமார் 2,500 சதுர கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். ஆழமும் பல இடங்களில் ஒரு மீட்டரைத் தாண்டாது. நல்ல மழைக்காலத்தின் உச்சத்தில் அதே ஏரி ஐந்து ஆறு மடங்கு விரிந்து, எட்டு ஒன்பது மீட்டர் ஆழம் கொண்டதாகிவிடும். 1997இல் யுனெஸ்கோ இதனை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.

ஆறு பின்னோக்கி ஓடும் என்கிறார்களே, அது உண்மையா?

உண்மை. ஆண்டின் ஒரு பகுதியில் டோன்லே சாப் ஆறு ஏரியிலிருந்து மீகாங்கை நோக்கி ஓடுகிறது. மறு பகுதியில் மீகாங்கிலிருந்து ஏரியை நோக்கி ஓடுகிறது. தென்மேற்குப் பருவமழையாலும் ஆற்றின் மேற்பகுதியிலிருந்து வரும் நீராலும் ஜூன் மாதவாக்கில் மீகாங் பெருகத் தொடங்கும்போது, புனோம் பென் அருகே அதன் நீர்மட்டம் ஏரியின் மட்டத்தைவிட உயர்ந்துவிடுகிறது. நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் பாயும் என்பதால், மீகாங்கின் வெள்ளம் டோன்லே சாப் ஆற்றின் வழியாக ஏரிக்குள் புகுகிறது. செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ மீகாங் வடியத் தொடங்கியதும் ஓட்டம் மீண்டும் திரும்பி, ஏரியில் தேங்கிய நீர் மாதக்கணக்கில் கடலை நோக்கி வடிகிறது. நவம்பர் முழுநிலவையொட்டிப் புனோம் பென்னில் படகுப் போட்டிகளுடன் நடக்கும் தண்ணீர்த் திருவிழா இந்தத் திருப்பத்தைக் கொண்டாடுவதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, மட்ட வேறுபாடு மிகச் சிறியது என்பதே. மீகாங் சற்றுக் குறைவாக உயர்ந்தாலும், சில வாரங்கள் தாமதமாக உயர்ந்தாலும், ஏரிக்குள் புகும் நீரின் அளவு பெருமளவில் குறைந்துவிடும். ஏரிக்கு ஆண்டுதோறும் வரும் நீரில் ஏறத்தாழ பாதி மீகாங்கிலிருந்து வருவது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு மதகு திறப்பதும் மூடுவதும் இங்குள்ள ஒரு வலைக்கு ஏன் பொருட்டாகிறது என்பது விளங்கும்.

வெள்ளத்துக்கும் மீனுக்கும் என்ன தொடர்பு?

ஏரியைச் சுற்றிலும் ஒரு காடு இருக்கிறது. கோடையில் அது சாதாரணப் புதர்க்காடு. வெள்ளக் காலத்தில் அதன் மரங்கள் கிளை வரைக்கும், சில இடங்களில் உச்சி வரைக்கும், நீரில் மூழ்கி நிற்கும். உதிரும் இலையும் பழமும், மூழ்கிய கிளைகளில் படரும் பாசியும், அவற்றை உண்ணும் புழு பூச்சிகளும் மீன்குஞ்சுகளுக்கு உணவாகின்றன. அடர்ந்த கிளைகள் பெரிய மீன்களிடமிருந்து அவற்றை மறைத்துக் காக்கின்றன.

அங்குள்ள மீன்களை இரண்டு வகையாகப் பிரிப்பது மீனவர் வழக்கம். விரால், கெளுத்தி, பனையேறிக் கெண்டை போன்றவை ஏரியிலும் அதைச் சுற்றிய குட்டைகளிலும் நிலையாகத் தங்குபவை. சேற்றிலும் குறைந்த நீரிலும் தாக்குப்பிடிப்பவை. இவை கறுப்பு மீன்கள். கெண்டையினத்தைச் சேர்ந்த வெள்ளை மீன்களோ நீர் வடியும்போது ஏரியை விட்டு வெளியேறி, டோன்லே சாப் ஆற்றின் வழியாக மீகாங்குக்குச் சென்று, எதிர்நீச்சல் போட்டு வடகிழக்குக் கம்போடியாவின் கிராச்சே, ஸ்டுங் திரெங் பகுதிகளின் ஆழ்மடுக்களில் கோடையைக் கழிக்கின்றன. புதுவெள்ளம் வந்ததும் அங்கே முட்டையிடுகின்றன. முட்டையும் குஞ்சும் வெள்ளத்தோடு மிதந்து வந்து, ஆறு திரும்பி ஓடும் நேரத்தில் ஏரிக்குள் தள்ளப்பட்டு, மூழ்கிய காட்டை அடைகின்றன. குஞ்சுகள் வந்து சேரும் வாரத்தில் ஆறு திரும்பாமல் இருந்தால், அவை ஏரிக்குள் புகாமல் கடலை நோக்கி அடித்துச் செல்லப்படும். வெள்ளத்தின் அளவைப் போலவே அதன் தேதியும் முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை.

அங்கே மீன்பிடிப்பவர்கள் யார்?

பெரும்பான்மையோர் கெமர் இனத்தவர். சாம் முஸ்லிம்களும், பல தலைமுறைகளாக அங்கேயே வாழும் வியட்நாமிய வம்சாவளியினரும் கணிசமாக உள்ளனர். நீரின் மேலேயே வாழும் மிதக்கும் கிராமத்தார், உயர்ந்த கால்களின்மேல் வீடு கட்டி வெள்ள எல்லையில் வாழ்வோர், கரையில் நெல் பயிரிட்டுக்கொண்டு பருவத்தில் மட்டும் வலையெடுப்போர் என மூவகையாக அவர்களைப் பார்ப்பது பயன் தரும். மாற்றத்தின் அடி இவர்கள்மேல் ஒரே அளவில் விழுவதில்லை. நிலமுள்ளவனுக்கு மீன் பொய்த்தால் நெல் இருக்கிறது. மிதக்கும் வீட்டாருக்கு அந்த மாற்று இல்லை.

மிதக்கும் கிராமம் எப்படி இயங்குகிறது?

மூங்கில் கட்டுகளின் மேலோ, இப்போது பெருமளவில் பிளாஸ்டிக் பீப்பாய்களின் மேலோ, மரத்தாலும் தகரத்தாலும் வீடு அமைக்கப்படுகிறது. வீட்டின் அடியிலோ பக்கத்திலோ மீன்கூண்டு ஒன்று கட்டப்பட்டிருக்கும். சில வீடுகளில் பன்றிக் கொட்டிலும் மிளகாய்த் தொட்டிகளும் உடன் மிதக்கும். புர்சாட் மாகாணத்தின் கம்போங் லுவோங் போன்ற பெரிய கிராமங்களில் பள்ளி, மளிகைக் கடை, எரிபொருள் நிலையம், வழிபாட்டிடம் எல்லாம் நீரின் மேல்தான் உள்ளன. நீர் விரியும்போது ஊரே கரைப்பக்கம் நகரும். சுருங்கும்போது ஏரியின் உட்புறம் நகரும். படகுகளால் வீடுகளை இழுத்துச் சென்று ஆண்டுக்குப் பல முறை இப்படி இடம் மாற்றுகிறார்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் எரிபொருளும் கூலியும் ஆகும் என்பதால், நீர்மட்டம் முன்பின்னாக ஏறி இறங்கும் ஆண்டில் இந்தச் செலவு மட்டுமே ஒரு சுமையாகிவிடுகிறது.

குறைந்த நீர் வேறொரு துன்பத்தையும் கொண்டுவருகிறது. குளிப்பதும் துவைப்பதும் கழிவைக் கொட்டுவதும் குடிநீர் எடுப்பதும் அதே நீரில்தான். ஏரி ஒரு மீட்டருக்கு வற்றிச் சேறாகக் கலங்கும் ஏப்ரல், மே மாதங்களில் அந்த நீரின் தன்மையை விவரிக்கத் தேவையில்லை.

டாய் என்று சொல்லப்படும் வலை எது?

டோன்லே சாப் ஆற்றின் கீழ்ப்பகுதியில், புனோம் பென்னுக்கு மேலாக, ஆற்றின் குறுக்கே வரிசை வரிசையாக நங்கூரமிட்டு நிறுத்தப்படும் பெரும் பை வலையே டாய். மொத்தம் அறுபதுக்கும் சற்று மேற்பட்ட டாய்களே உள்ளன. உரிமம் பெற்றவர்கள் மட்டுமே இவற்றை இயக்கலாம். வலை நூறு மீட்டருக்கும் மேல் நீளமானது. வாய்ப்பக்கம் கண்ணி அகலமாக இருக்கும், வால்பக்கம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறுகிவிடும். அக்டோபர் முதல் மார்ச் வரை, ஏரியிலிருந்து மீகாங்குக்குத் திரும்பும் மீனை நீரோட்டமே வலைக்குள் தள்ளுகிறது. வலை மீனைத் தேடிப் போவதில்லை.

உச்சம் டிசம்பர், ஜனவரியில், அதுவும் முழுநிலவுக்கு முந்தைய சில நாள்களில் வருகிறது. அந்நாள்களில் இரவு பகலாக ஆள்கள் முறைவைத்து நிற்பார்கள். வலையின் வாலை உருளையால் சுற்றி மூங்கில் தளத்தின் மேல் இழுத்து, முடிச்சை அவிழ்த்தால் விரல் நீள வெள்ளிக் கெண்டைகள் குவியலாகக் கொட்டும். கொட்டி முடித்து வாலைக் கட்டி நீரில் விட்ட சிறிது நேரத்திலேயே அடுத்த இழுப்புக்கு ஆயத்தமாக வேண்டும். ஆண்டு முழுவதுக்குமான வருவாயில் பெரும்பகுதி இந்தச் சில நாள்களில் தீர்மானமாகிவிடுகிறது.

பிராஹோக் என்பது என்ன? அதற்கும் இந்தப் பேச்சுக்கும் என்ன தொடர்பு?

பிராஹோக் என்பது உப்பிட்டுப் புளிக்கவைத்த மீன் விழுது. கம்போடியச் சமையலில் அது இல்லாத வீடு அரிது. டாய் வலைகளில் மீன் கொட்டும் அதே வாரங்களில், உள்நாட்டு நெல் விவசாயிகள் குடும்பத்தோடு ஆற்றங்கரைக்கு வந்து தங்கி, சிறு மீன்களைக் கூடை கூடையாக வாங்குவார்கள். முன்பு மாட்டுவண்டியில் நெல்லோடு வந்து மீனுக்கு மாற்றிக்கொண்டார்கள். இப்போது லாரியும் பணமும். தலையைக் கிள்ளிய மீனைக் கூடையிலிட்டு ஆற்றுநீரில் நின்றபடியே காலால் மிதிப்பார்கள். செதிலும் கொழுப்பும் கழன்று நீரோடு போகும். அலசி, வெயிலில் காயவைத்து, உப்போடு இடித்துச் சாடியில் அடைத்தால் அடுத்த பருவம் வரை வரும்.

தொடர்பு இதுதான்: மீன் பொய்த்தால் மீனவன் மட்டும் பாதிக்கப்படுவதில்லை. ஏரியை ஒருபோதும் கண்டிராத ஒரு நெல் விவசாயியின் வீட்டு ஆண்டுச் சேமிப்பும் சேர்ந்தே குறைகிறது. கம்போடிய மக்கள் உண்ணும் விலங்குப் புரதத்தில் பெரும்பங்கு மீனிலிருந்தே வருவதால், நாட்டு மக்களின் சத்துணவே இந்த வெள்ளத்தைச் சார்ந்திருக்கிறது எனலாம்.

உண்மையில் என்ன மாறியிருக்கிறது?

மூன்று செய்திகளைச் சொல்லலாம். முதலாவது, வெள்ளம் தாமதமாகிறது, சில ஆண்டுகளில் குறுகிவிடுகிறது. 2019, 2020 ஆகிய இரு ஆண்டுகளிலும் மீகாங்கின் நீர்மட்டம் பல இடங்களில் பல பத்தாண்டுகளில் கண்டிராத அளவுக்குத் தாழ்ந்திருந்தது. ஏரிக்கு வர வேண்டிய திரும்போட்டம் தாமதமாக வந்து விரைவில் நின்றது. இரண்டாவது, காடு அழிகிறது. 2016இல் எல் நினோவால் வந்த கடும் வறட்சியில் ஏரிக்கரைக் காட்டின் பெரும்பரப்பு தீக்கிரையானது. ஈரத்தில் வளர்ந்த அந்த மரங்கள் தீக்குப் பழகியவை அல்ல. எரிந்த இடத்தில் முட்புதர் எளிதாக முந்திக்கொள்கிறது. நிலம் பிடிக்கத் தீ வைத்தவர்களும் உண்டு. மூன்றாவது, மீன்களின் வகை மாறுகிறது. 2000 முதல் 2015 வரையிலான டாய் பதிவுகளை ஆராய்ந்தபோது, 116 மீனினங்களில் 78 விழுக்காட்டின் பிடிப்பு குறைந்து வந்தது தெரிந்தது. குறைந்தவற்றில் பெரும்பாலானவை நடுத்தர, பெரிய மீன்கள்; சிறிய, விரைவில் இனப்பெருக்கம் செய்யும் மீன்கள் ஓரளவு தாக்குப்பிடித்தன.

ஆகவே மொத்த எடையை மட்டும் பார்த்து ‘மீன் குறையவில்லையே’ என்று சொல்வது ஏமாற்று. பெரிய மீன் போய்ச் சிறிய மீன் வந்தால் எடை ஒன்றாக இருக்கலாம், சந்தை விலை ஒன்றாக இராது. அதே எடையைப் பங்கிட்டுக்கொள்ளும் படகுகளின் எண்ணிக்கையும் கூடியிருக்கிறது.

இதற்கு அணைகள்தான் காரணமா, காலநிலை மாற்றமா?

ஒன்றை மட்டும் குற்றவாளியாக நிறுத்துவது யாருக்கோ வசதியாக முடியும். அணை கட்டியவர்கள் மழையைச் சுட்டுகிறார்கள். ஏரியை நிர்வகிப்பவர்கள் அணையைச் சுட்டுகிறார்கள். இருவரும் சில வேளைகளில் மீனவனின் சிறுகண்ணி வலையைச் சுட்டுகிறார்கள்.

ஆற்றின் மேற்பகுதியில், லான்சாங் என்று சீனாவில் வழங்கும் மீகாங்கின் மீது அடுக்கடுக்காக அணைகள் உள்ளன; அவற்றுள் சியாவ்வான், நுவோஷாடு ஆகிய இரண்டின் நீர்த்தேக்கங்களே மிகப் பெரியவை. மழைக்காலத்தில் நீரைத் தேக்கிக் கோடையில் மின்சாரத்துக்காகத் திறந்துவிடுவது இவற்றின் இயல்பு. இதனால் வெள்ளம் தணிகிறது, கோடைநீர் உயர்கிறது. வெள்ளப் பாதிப்புக்கு அஞ்சும் நகரத்துக்கு இது நன்மையாகத் தோன்றலாம். வெள்ளத்தை நம்பி வாழும் ஏரிக்கு இரண்டுமே கேடு. கோடையில் நீர் சற்று உயர்ந்து நின்றால்கூட, காட்டின் தாழ்ந்த விளிம்பிலுள்ள மரங்கள் ஆண்டு முழுவதும் மூழ்கி அழுகும். லாவோசில் சயாபுரி அணை 2019 இறுதியிலும், டோன் சஹோங் அணை 2020 தொடக்கத்திலும் இயங்கத் தொடங்கின. பின்னது கோன் அருவிப் பகுதியில் மீன்கள் ஆண்டு முழுவதும் ஏறிச் செல்லக்கூடிய கால்வாயின் குறுக்கே அமைந்தது என்பதால், தன் அளவுக்கு மீறிய எதிர்ப்பைச் சந்தித்தது. கம்போடியாவே 2018இல் கீழ் செசான் இரண்டு அணையைத் திறந்து, மீன்கள் ஏறிச் செல்லும் கிளையாறுகளை மறித்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

மணல் அள்ளுவது அதிகம் பேசப்படாத காரணம். புனோம் பென்னைச் சுற்றியும் அதற்குக் கீழே வியட்நாம் கழிமுகம் வரையிலும் கட்டுமானத்துக்காக மணலை வாரியதால் மீகாங்கின் படுகை தாழ்ந்துள்ளது. படுகை தாழ்ந்தால் அதே அளவு நீர் தாழ்ந்த மட்டத்தில் ஓடும். அப்போது ஏரிக்குள் தள்ளும் உயரம் கிடைக்காது. காவிரியிலும் பாலாற்றிலும் மணல் போனபின் வாய்க்கால் தலைப்புகள் உயரத்தில் நின்றுவிட்டதைக் கண்ட நமக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

மீனவர்கள் எவ்வாறு சமாளிக்கிறார்கள்?

முதலில் செய்வது, இருக்கும் தொழிலையே இன்னும் கடுமையாகச் செய்வது. அதிக தூரம் போகிறார்கள், அதிக நேரம் நீரில் இருக்கிறார்கள், அதிக வலை விரிக்கிறார்கள். கண்ணி சிறுத்துக்கொண்டே போகிறது. சிலர் கொசுவலை போன்ற துணியையும், சிலர் மின்சாரத்தையும் பயன்படுத்துகிறார்கள். பின்னவை சட்டத்துக்குப் புறம்பானவை. ஒரு குடும்பத்தின் இந்த ஆண்டுக் கணக்கில் இவை எல்லாம் அறிவுள்ள முடிவுகளே; ஏரியின் கணக்கில் அடுத்த ஆண்டை இந்த ஆண்டே உண்பது. அதனால்தான், ‘மாற்றத்துக்கு ஏற்பத் தங்களை மாற்றிக்கொள்ளும் மீனவர்கள்’ என்று திட்ட அறிக்கைகள் பாராட்டும்போது, எந்த மாற்றத்தைச் சொல்கிறார்கள் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்து, பிடிப்பதையே மாற்றுவது. மீன் குறையக் குறைய, 1990களிலிருந்து ஏரியில் நீர்ப்பாம்பு பிடிப்பது பெரும் தொழிலானது. முதலைப் பண்ணைகளுக்குத் தீனியாகவும் தோலுக்காகவும் ஆண்டுக்குப் பல இலட்சக்கணக்கான பாம்புகள் பிடிக்கப்பட்டன. உலகிலேயே மிகப் பெரிய பாம்பு வேட்டைகளுள் ஒன்று என்று ஆய்வாளர்கள் அதைக் குறித்தார்கள். பிறகு பாம்பும் குறைந்தது.

மூன்றாவது, நீரைவிட்டு நகர்வது. நீர் வடிந்த விளிம்பில் பயறும் மிளகாயும் கோடை நெல்லும் பயிரிடுகிறார்கள். நிலம் காட்டை வெட்டிப் பெறப்பட்டதாயின் அது மீன் பிறக்கும் இடத்தையே உழுவதாகிறது. 2021 இறுதியில் அரசு இத்தகைய ஆக்கிரமிப்புகளை அகற்றத் தொடங்கியபோது, பெருநில ஆக்கிரமிப்பாளரோடு சிறு குடியானவர்களும் சேர்ந்து பாதிக்கப்பட்டனர். இளைஞர்கள் புனோம் பென் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் தாய்லாந்துக் கட்டுமான வேலைக்கும் போகிறார்கள். முதியவர்களும் குழந்தைகளும் படகில் எஞ்சுகிறார்கள்.

இவை அனைத்துக்கும் அடியில் கடன் ஓடுகிறது. வலையும் இயந்திரமும் வாங்க மீன் வியாபாரியிடம் முன்பணம் பெற்றவர், பிடித்ததை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்குக் கொடுக்க வேண்டும். நம் கடற்கரையில் வழங்கும் முறையே அங்கும். போதாக்குறைக்குச் சிறுகடன் நிறுவனங்களின் தவணை வேறு. தவணைத் தேதி ஆற்றின் திருப்பத்துக்காகக் காத்திருப்பதில்லை.

பெண்களின் நிலை என்ன?

கணவன் வலை விரித்தால் மனைவி வலையிலிருந்து மீனைக் கழற்றுகிறாள். தரம் பிரிப்பது, விற்பது, உப்பிடுவது, புகையிடுவது, கடன் கணக்கை நினைவில் வைத்திருப்பது எல்லாம் பெரும்பாலும் அவள் பொறுப்பு. புள்ளிவிவரங்களில் ‘மீனவர்’ என்று ஆண் மட்டுமே பதிவாவதால் இந்த உழைப்பு கணக்கில் வருவதில்லை. சில கிராமங்களில் ஏரியை அடைத்து வளரும் ஆகாயத்தாமரைத் தண்டைக் காயவைத்துப் பாயும் பையும் பின்னி விற்கும் குழுக்கள் உள்ளன. வருவாய் சிறிது, ஆனால் அது வியாபாரியின் முன்பணத்துக்குள் அடங்காத வருவாய்.

கூண்டில் மீன் வளர்ப்பது மாற்றாகாதா?

ஓரளவு ஆகும். சிக்கல் தீனியில் உள்ளது. அங்கே கூண்டில் வளர்க்க ஏற்றது பெருவிரால். அதற்குத் தீனி, ஏரியிலிருந்து பிடிக்கப்படும் சிறு மீன். ஏரியில் தானாக வளரும் காட்டுமீனைக் கொட்டி வளர்ப்புமீனைப் பெறுவது ஏரிக்கு இலாபமில்லை என்பதால், 2004இல் அரசு விரால் வளர்ப்பைத் தடைசெய்தது. 2016இல், செயற்கைத் தீனி கிடைக்கும் சூழலில், தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் வியட்நாமிலிருந்து விரால் இறக்குமதியாயிற்று. தவிர, நீர் குறைந்து சூடேறும் கோடையில் கூண்டு மீன் மூச்சுத் திணறி ஒரே நாளில் செத்து மிதப்பதும் உண்டு. காட்டுமீன் தப்பிப் போக இடமுண்டு. கூண்டு மீனுக்கு இல்லை.

அரசின் சட்டதிட்டங்கள் என்ன?

பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலிருந்து ஏரியின் வளமான பகுதிகள் துண்டுகளாக ஏலம் விடப்பட்டு வந்தன. ஏலம் எடுத்தவர் கிலோமீட்டர் கணக்கில் மூங்கில் தட்டியால் வேலி போட்டு, ஆயுதக் காவலோடு மீனை வாரிக்கொள்வார். உள்ளூர்க்காரர் உள்ளே வலை போட்டால் அடி விழும். 2000இல் ஏலப் பரப்பில் பாதிக்கு மேல் விடுவிக்கப்பட்டது. 2012இல் ஏல முறை முற்றிலும் ஒழிக்கப்பட்டது. ஏழை மீனவருக்கு ஏரி திறந்தது என்று அது வரவேற்கப்பட்டது நியாயம்தான். ஆனால் காவல் போன இடத்தில் வேறு காவல் உடனே வரவில்லை. சட்டவிரோதமாகப் பெருவலை இழுப்பவர்கள் முதலில் நுழைந்தார்கள்.

2005ஆம் ஆண்டின் துணை ஆணைப்படி அமைந்த சமுதாய மீன்வளக் குழுக்கள் நாடெங்கும் ஐந்நூறுக்கு மேல் உள்ளன. தங்கள் எல்லைக்குள் மீன் காப்பிடங்களைக் குறித்து, மூழ்கிய காட்டை நட்டு, ரோந்து போவது இவர்கள் வேலை. கைதுசெய்யும் அதிகாரம் இல்லை, எரிபொருளுக்குப் பணமும் இல்லை. ஆயினும் நன்கு இயங்கும் குழுக்களின் காப்பிடங்களில், கோடையில் வற்றாத மடுக்களில் விரால் தப்பிப் பிழைக்கிறது என்பது கண்கூடு. என் கணிப்பில், செலவிட்ட பணத்துக்கு மிகுந்த பலன் தந்தது இந்த மடுக்களைக் காத்ததுதான். ஏரிப் பகுதியில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை பெருந்தொழில் மீன்பிடிப்புக்குத் தடைக்காலம். வீட்டுத் தேவைக்கான சிறு வலைக்கு விலக்கு உண்டு.

மிதக்கும் வீட்டாரைக் கரையில் குடியமர்த்துவது தீர்வாகாதா?

தூய்மை, பள்ளி, மருத்துவம் ஆகிய காரணங்களைக் காட்டி அரசு அவ்வாறே செய்துவருகிறது. 2018 முதல் கம்போங் சினாங் மாகாணத்தில் பல குடும்பங்கள் நீரைவிட்டு அகற்றப்பட்டன. 2021இல் புனோம் பென்னில் மிதக்கும் வீடுகளுக்கு மிகக் குறுகிய கெடு விதிக்கப்பட்டது. இவ்வாறு அகற்றப்பட்டோரில் வியட்நாமிய வம்சாவளியினரே மிகுதி. அவர்களில் பலரிடம் தலைமுறைகள் கடந்தும் குடியுரிமைச் சான்று இல்லை. அது இல்லாமல் நிலம் வாங்க முடியாது. நிலம் வாங்க முடியாததால்தான் அவர்கள் நீரில் வாழ்ந்தார்கள். இப்போது நீரும் இல்லை என்றால், வாடகை நிலத்தில், மீனிலிருந்து தொலைவில், குடிநீரும் வடிகாலும் போதாத இடத்தில் வாழ வேண்டியதாகிறது. தாமே விரும்பிக் கரையேறுகிறவர்களும் உண்டு. பிள்ளைகளின் படிப்புக்காக ஒரு வீடு கரையில், ஒரு படகு நீரில் என்று பிரித்துக்கொள்ளும் குடும்பங்களைக் காணலாம். விரும்பி ஏறுவதையும் ஏற்றப்படுவதையும் ஒரே தலைப்பின்கீழ் எழுதக் கூடாது.

நாடுகளுக்கிடையே ஒப்பந்தம் எதுவும் இல்லையா?

உண்டு. 1995இல் கம்போடியா, லாவோஸ், தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நான்கு நாடுகளும் மீகாங் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு மீகாங் ஆற்று ஆணையத்தை அமைத்தன. அதன் 6ஆம் பிரிவு, மழைக்காலத்தில் டோன்லே சாப்பின் இயற்கையான திரும்போட்டம் நடைபெறும் அளவுக்கு நீர்ப்பெருக்கைக் காக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே கூறுகிறது. ஓர் ஏரியின் மூச்சை ஒப்பந்தப் பிரிவாக எழுதிவைத்தது அரிய செயல்தான். ஆனால் சீனாவும் மியன்மாரும் அதில் உறுப்பினர் அல்ல. உரையாடல் கூட்டாளிகள் மட்டுமே. உறுப்பு நாடுகளையும் தடுத்து நிறுத்தும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை. 2020இல் கம்போடியா, மீகாங்கின் முதன்மை ஆற்றில் பத்தாண்டுகளுக்குப் புதிய அணை கட்டுவதில்லை என்று அறிவித்தது.

ஏரி செத்துவிட்டது என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. நல்ல வெள்ளம் வரும் ஆண்டில் மீன் திரும்பி வருகிறது. சிறு மீன்களின் இயல்பே அது. 2022 ஜூனில் ஸ்டுங் திரெங் பகுதியில் உள்ளூர் மீனவர் ஒருவரின் தூண்டிலில் 300 கிலோ எடையுள்ள இராட்சதத் திருக்கை சிக்கியது; பதிவான நன்னீர் மீன்களில் அதுவே மிகப் பெரியது. அடையாளக் கருவி பொருத்தி அதை மீண்டும் ஆற்றில் விட்டார்கள். 2024 டிசம்பரில் சில நாள்களுக்குள் ஆறு மீகாங் பெருங்கெளுத்திகள் பிடிபட்டு விடுவிக்கப்பட்டன. அருகிவிட்ட இனம் இன்னும் எஞ்சியிருக்கிறது என்பதற்கு இவை சான்று; பெருகிவிட்டது என்பதற்கு அல்ல.

சுற்றுலாப் பயணியாகப் போவது சரியா?

போகலாம். இரண்டைக் கவனியுங்கள். பயணச்சீட்டுப் பணம் பெரும்பாலும் படகு நிறுவனத்துக்கே போகிறது. கிராமக் குழுவே படகு ஓட்டும் இடத்தைத் தேர்ந்தால், செலவின் ஒரு பங்காவது உள்ளூரில் நிற்கும். குழந்தைகளைக் காட்டி அரிசி மூட்டை வாங்கிக் கொடுக்கச் சொல்லும் நிறுத்தங்களைத் தவிர்த்துவிடுங்கள். அந்த மூட்டை மாலையில் அதே கடைக்குத் திரும்புவதாகப் புகார்கள் உண்டு. ஏப்ரலில் சேற்றையும், அக்டோபரில் காட்டுக்குள் படகையும், ஜனவரி முழுநிலவையொட்டி டாய் வலைகளையும் பார்க்கலாம். மூன்றில் ஒன்றை மட்டுமே தேர வேண்டுமாயின் ஜனவரி.

வெளியிலிருந்து ஏரியின் நிலையைக் கவனிக்க வழி உண்டா?

உண்டு. மீகாங் ஆற்று ஆணையம் தன் இணையதளத்தில் நீர்மட்டங்களை நாள்தோறும் வெளியிடுகிறது. டோன்லே சாப் ஆற்றில் உள்ள பிரெக் க்டாம் அளவீட்டு நிலையத்தையும், ஏரிக்குள் உள்ள கம்போங் லுவோங் நிலையத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஜூன், ஜூலையில் முதல் நிலையத்தின் மட்டம் இரண்டாவதை எந்த நாளில் முந்துகிறது, அக்டோபர் வாக்கில் எந்த நாளில் பின்தங்குகிறது என்று குறித்துக்கொண்டால், அந்த ஆண்டில் ஆறு எத்தனை நாள் ஏரிக்குள் ஓடியது என்பது ஓரளவு தெரிந்துவிடும். அடுத்த ஜனவரியில் பிராஹோக் சாடிகள் நிரம்புமா என்பதைக் கணிக்க ஆற்றங்கரை வியாபாரிகள் பார்ப்பதும் இந்த வெள்ளத்தின் உயரத்தையும் நாள்களையும்தான்.